வலங்கை முதல் சங்கம் வரை

சென்னை சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் ரயில் பாதையும், கடற்கரையிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் பாதையும் கொருக்குப்பேட்டையில் கூடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போகின்றன. கொருக்குப்பேட்டையை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதன் வடபகுதி கோக்ரேன் கால்வாய் என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எண்ணூர் வரை வெட்டப்பட்டுவிட்டது. விறகும் உப்பும் அதன் வழியாகப் பட்டணத்துக்குள் வந்தன. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது. பிறகு மில்கள் வந்தன, துறைமுகம் வந்தது, கூட்ஸ் யார்டுகளும் எண்ணெய்க் கிடங்குகளும் வந்தன. இந்தப் பகுதியின் குடிகளில் பெரும்பாலோர் வேலை தேடி வந்தவர்களின் வாரிசுகள். வந்தவர் ஒவ்வொருவரும் சாதி, சொந்த ஊர், குலதெய்வம் என்று சிலவற்றைக் கூடவே கொண்டு வந்தார்கள். இங்கே வந்தபின் மில் தொழிலாளி, சங்கத்துக்காரர், இன்ன நகர்க்காரர் என்று வேறு சிலவும் சேர்ந்துகொண்டன. 'நான் யார்' என்ற கேள்விக்கு இவற்றில் எது பதில் சொல்லும்? பிறந்தபோதே அந்தப் பதில் எழுதப்பட்டுவிட்டது என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. வட சென்னையின் முந்நூறு ஆண்டு வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. ஒருவருக்கு இருக்கும் பல உறவுகளில், இடுக்கண் வந்தபோது எது சோறு போட்டதோ, எது பக்கத்தில் நின்றதோ, அதுவே அவருடைய 'நாம்' ஆகியிருக்கிறது. அது நின்ற காலம்வரைதான் அந்த 'நாம்' நிலைத்தும் இருக்கிறது.

முதல் சான்று இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட ஒரு பிரிவினை. கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம் எழுந்த காலத்தில் மதராஸ் மக்கள் வலங்கை, இடங்கை என்று இரண்டு சாதித் தொகுதிகளாகப் பிரிந்திருந்தார்கள். 1652-லேயே இரு தரப்புக்கும் கலகம் மூண்டு, எந்தத் தெரு யாருக்கு என்று ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது, 1707-ல், ஒரு தரப்பின் கல்யாண ஊர்வலம் மறுதரப்பின் தெரு வழியாகப் போனதில் மீண்டும் நெருப்பு பற்றியது. பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று கிழக்கிந்தியக் கம்பெனி பிரித்துக் கொடுத்தது. தீர்ப்பில் மனம் ஆறாத வலங்கையார் பெரும் எண்ணிக்கையில் சாந்தோமுக்கு வெளியேறினார்கள். வேலையாட்கள் இல்லாமல் கம்பெனியின் வியாபாரம் திண்டாடியது. பேச்சுவார்த்தை நடத்தித்தான் அவர்களைத் திரும்ப அழைத்துவர முடிந்தது. எந்தத் தெருவில் பந்தல் போடலாம், எந்தக் கொடியைப் பிடிக்கலாம், குதிரையில் யார் போகலாம் என்பவை அவர்களுக்கு மானப் பிரச்சினைகள். தன் கையின் விருதை அடுத்த கையார் எடுத்துக்கொண்டால் தன் முகத்தில் கரி பூசியதாகவே ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள். கணவன் ஒரு கையையும் மனைவி மறு கையையும் சேர்ந்தவர்களாகக் கருதப்பட்ட சாதிகளும் இருந்தன. கலகம் வந்தால் அந்தப் பிளவு வீட்டுக்குள்ளும் நுழைந்தது என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன.

இப்பிரிவினையில் கவனிக்க வேண்டிய ஒன்று, யார் யாரோடு நின்றார்கள் என்பது. நிலத்தோடு தொடர்புடைய வேளாளரும், அந்த நிலத்தில் உழைத்த பறையரும் வலங்கையில் இருந்தார்கள். கம்மாளரும் பேரி செட்டியாரும் இடங்கையில் இருந்தார்கள். வலங்கையின் மானத்துக்காக முன்வரிசையில் நின்று அடிதடியில் இறங்கியவர்களில் பறையர்கள் முக்கியமானவர்கள். ஒரே கையைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுக்குள் சமத்துவம் இருந்தது என்று பொருளாகாது. தீண்டாமை அப்படியேதான் இருந்தது. ஆனாலும் 'நம் ஆட்கள்' என்று யாரைச் சொல்வது என்ற கேள்விக்கு அன்றைய பதில் இன்றைய பதிலிலிருந்து முற்றிலும் வேறாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்வரை ஊரைக் கலக்கிய அந்த வலங்கையும் இடங்கையும் இப்போது எங்கே? தங்கசாலைத் தெருவில் நடந்து போகிறவர்களை நிறுத்தித் தங்கள் குடும்பம் எந்தக் கை என்று கேட்டால் பெரும்பாலோருக்குக் கேள்வியே புரியாது. வியாபாரச் சலுகையும் கோயில் மரியாதையும் தெருவுரிமையும் அந்தப் பிரிவின் வழியாகக் கிடைத்தவரை அது உயிரோடு இருந்தது. அவற்றை நீதிமன்றமும் நகராட்சியும் வேறு கணக்கில் வழங்கத் தொடங்கியதும் அந்த அடையாளத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. உயிரைக் கொடுத்துக் காத்த ஒன்றை, யாரும் கட்டாயப்படுத்தாமலேயே மூன்று நான்கு தலைமுறைக்குள் மறந்தார்கள்.

இரண்டாவது சான்று மில்களிலிருந்து வருகிறது. பின்னி கம்பெனி பெரம்பூரில் 1870-களின் கடைசியில் பக்கிங்காம் மில்லையும், அடுத்த சில ஆண்டுகளில் கர்னாடிக் மில்லையும் நிறுவியது. பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று சுற்றுவட்டாரம் முழுவதும் மில் சங்கின் ஓசைக்கு எழுந்து நடந்தது. சாதி இந்துக்கள், பறையர் முதலான ஆதிதிராவிடர், முஸ்லிம்கள் எல்லோரும் உள்ளே வேலை பார்த்தார்கள். ஆனால் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதாலேயே 'நாம்' என்ற உணர்வு வந்துவிடாது. நாற்பது ஆண்டுகள் அந்த மில்கள் ஓடியும் அது வரவில்லை. வந்தது முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில். அரிசி விலை ஏறி, 1918 செப்டம்பரில் மதராஸ் கடைவீதிகளில் கொள்ளை நடக்கும் அளவுக்கு நிலைமை முற்றிய காலம் அது. சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேஸ்திரியும் வெள்ளைக்கார அதிகாரியும் கைநீட்டுகிறார்கள், இயற்கை உபாதைக்குப் போகவும் அனுமதி வேண்டியிருக்கிறது என்பவை எந்தச் சாதிக்காரரானாலும் எல்லோருக்கும் பொதுவான குறைகளாக இருந்தன.

அந்தக் குறைகள் முதலில் பேசப்பட்ட இடம் ஒரு பஜனை சபை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பெரம்பூரில் நடத்தி வந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில் பக்திச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள்தான் தங்கள் குறைகளையும் சொல்லத் தொடங்கினார்கள். அன்னி பெசன்டின் சகாவான பி.பி.வாடியாவை அவர்கள் அணுகினார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். முறையாக அமைக்கப்பட்ட இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது இதைத்தான். ஏற்கெனவே இருந்த பஜனைக் கூட்டம்தான் சங்கமாக மாறியது என்பது முக்கியம். ஒன்றாக உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒன்றாகக் கேட்கவும் முடிந்தது. வாடியா ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் சொல்லப்பட்டது. சாப்பாட்டு நேரத்தைச் சில நிமிடங்கள் நீட்ட வேண்டும் என்பது தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று. வெளியார் கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் தனித்தனியே அடங்கி நின்றவர்கள் ஒரு கூட்டமாக நிமிர்ந்தார்கள். கதவடைப்பும் வேலைநிறுத்தமும் மாறி மாறி வந்தன. 1920 டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தார்கள். பின்னி கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள்மீது தடையுத்தரவு வாங்கியது. சங்கம் வைப்பதே வழக்குக்குரிய குற்றமா என்று நாடு முழுவதும் எழுந்த அந்தக் கேள்விக்கு 1926-ன் தொழிற்சங்கச் சட்டம்தான் பதில் சொன்னது.

இந்தப் போராட்டங்களை அடுத்து வந்த 1921-ஆம் ஆண்டைத்தான் இந்த வாதத்தின் உரைகல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் கர்னாடிக் மில்லில் தொடங்கிய சச்சரவு ஜூனில் பக்கிங்காம் மில்லுக்கும் பரவிப் பெரிய வேலைநிறுத்தமாயிற்று. சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம்களும் பெருமளவில் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. பதிலுக்கு வன்முறை, மீண்டும் தீ, மீண்டும் துப்பாக்கிச் சூடு. வீடிழந்தவர்களுக்காக அரசு வியாசர்பாடியில் முகாம் அமைத்தது. சில மாதங்களில் வேலைநிறுத்தம் தோற்றது. சங்கம் மீண்டும் தலைதூக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அன்றைய ஆளுங்கட்சியான நீதிக்கட்சிக்குள்ளும் விரிசல் விழுந்தது. தியாகராய செட்டியார் போன்றவர்கள் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் பேசினார்கள். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜா தம் மக்களுக்காக நின்று, இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் கட்சியிலிருந்தே விலகினார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வலங்கை என்ற ஒரே பெயரில் ஊரைவிட்டு வெளியேறிய சாதிகளைச் சேர்ந்தவர்கள், இப்போது எதிரெதிரே நின்றார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சங்கம் என்பது மேல்பூச்சு, சாதிதான் அடியில் இருந்த உண்மை, சுரண்டிப் பார்த்ததும் வெளிப்பட்டுவிட்டது என்பார்கள். அப்படியானால் 1918 முதல் 1920 வரை நடந்த போராட்டங்களில் எல்லாச் சாதியினரும் எப்படிச் சேர்ந்து நின்றார்கள்? சாதி அப்போதும் இருந்ததே! 1921-ல் நடந்ததைப் புரிந்துகொள்ள அன்றைய அடுப்படிக் கணக்கைப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் கூலியில்லாமல் இருக்க ஒருவருக்குக் கடன் கொடுக்கும் கடை வேண்டும், கிராமத்தில் துண்டு நிலமாவது வேண்டும், தாங்கிப் பிடிக்கும் உறவு வேண்டும். சாதி இந்துத் தொழிலாளரில் பலருக்கு இவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. ஆதிதிராவிடருக்கு அனேகமாக எதுவும் இல்லை. முந்தைய போராட்டங்களில் ஏற்பட்ட கடனே தீரவில்லை. மில் வேலைதான் கிராமத்துப் பண்ணையடிமை நிலையிலிருந்து அவர்களை வெளியே கொண்டு வந்த ஒரே வழி. அதை இழந்தால் திரும்பிப் போவதற்கு இருந்தது அந்தப் பண்ணைதான். சங்கத்தின் தலைமையில் அவர்களுக்கு இடம் குறைவு. வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனால் தங்கள் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்க அங்கே ஆளில்லை. சங்கம் பக்கத்தில் நிற்கும் என்ற நம்பிக்கை போன இடத்தில்தான் வேறொரு உறவு முன்னே வந்தது. சாதி தானாகவே வென்றுவிடவில்லை. சங்கம் காலி செய்த இடத்தைச் சாதி பிடித்துக்கொண்டது.

இன்னொரு மறுப்பும் உண்டு. எல்லாம் பின்னி கம்பெனியும் வெள்ளைக்கார அரசும் செய்த சூழ்ச்சி, அவர்கள்தான் பிரித்தார்கள் என்பது அது. தேசியவாத எழுத்துகளில் அடிக்கடி வருவது. பிரிவினையால் நிர்வாகம் லாபமடைந்தது உண்மை. வேலைக்குத் திரும்பியவர்களுக்கு அரசு பாதுகாப்புக் கொடுத்ததும் உண்மை. ஆனால் எரிந்த குடிசைகளைக் கொளுத்தியது கம்பெனி இல்லை. வேலைக்குப் போனவரைத் துரோகி என்று பார்த்த கண், அவர் குடியிருந்த சேரியையே எதிரி முகாமாகப் பார்த்தது. சாதி வெறுப்பு அதற்குத் தோதாகக் கையில் இருந்தது. பிரிப்பவன் இருக்கிற விரிசலில்தான் உளியை வைப்பான். அந்த விரிசலை அடைக்கச் சங்கத்துக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, அடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும்.

கூட்டம் மனிதரை உருவாக்குகிறது என்றால், மனிதரும் தங்கள் கூட்டத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள். இதற்கு அயோத்திதாசர் தொடங்கிவைத்த முயற்சி நல்ல எடுத்துக்காட்டு. தீண்டப்படாதவர் என்று பிறர் ஒட்டிய முத்திரையை ஏற்க மறுத்த அவர், தம் மக்கள் சாதியற்ற தமிழர் என்றும் பூர்வ பௌத்தர் என்றும் வாதாடினார். 1898-ல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1922-ல், எம்.சி.ராஜாவின் முயற்சியால், பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் ஏற்றுக்கொள்ள ஆணை வந்தது. புளியந்தோப்பு எரிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பெயர் மாறினால் வயிறு நிறையுமா என்று கேட்கலாம். நிறையாது. ஆனால் பள்ளியில் சேரும் பிள்ளை எந்தப் பெயரைத் தன் பெயராக எழுதிப் பழகுகிறதோ, அதன் நிமிர்வு அந்தப் பிள்ளையின் முதுகெலும்பில் ஏறும். கொருக்குப்பேட்டையில் மீனாம்பாள் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. ரங்கூனில் பிறந்து, மதராஸில் ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தின் தலைவராகி, ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் சூட்டிய 1938 பெண்கள் மாநாட்டில் முக்கியப் பங்கு வகித்தவர் மீனாம்பாள் சிவராஜ். முகவரியிலேயே இப்படியொரு பெயரை எழுதும் தெருவார், தாங்கள் எந்த வரலாற்றோடு சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

கூட்டங்கள் இப்படி உருவாவதை உளவியல் பிற்காலத்தில் சோதனைகளில் கண்டது. போலந்து யூதரான ஹென்றி தாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளி மாணவர்களை வைத்து நடத்திய சோதனை 1970-களின் தொடக்கத்தில் வெளியாயிற்று. கிளீ, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னாலே போதும். சக உறுப்பினர் யார் என்றே தெரியாத நிலையிலும் மாணவர்கள் பணத்தைப் பங்கிடும்போது தங்கள் அணிக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தங்கள் அணிக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த அணியைவிட மேலே இருந்தால் போதும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அதற்கு முன்பே, 1954-ல், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் சிறுவர் முகாம் ஒன்றில் இரண்டு அணிகளை மோதவிட்டு, பிறகு தண்ணீர் வரத்து நின்றுவிட்டது போன்ற பொதுச் சிக்கலைக் கொடுத்து அவர்களைச் சேர்த்துவைத்தார். பிரிவது எவ்வளவு எளிது என்பதை முதல் சோதனையும், சேர்வதற்கு என்ன வேண்டும் என்பதை இரண்டாவதும் காட்டுகின்றன. பெரம்பூர் மில்கள் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கின்றன. பொதுச் சிக்கல் மட்டும் போதாது, அதைத் தாங்கும் பாரமும் பொதுவாகப் பங்கிடப்பட வேண்டும். முகாமில் எல்லாச் சிறுவர்களுக்கும் தாகம் ஒன்றாக இருந்தது. 1921-ல் எல்லா வீட்டிலும் பசி ஒன்றாக இல்லை.

பிறப்பைப் போலவே ஆழமாகப் பதியும் உறவைப் பயிற்சியாலும் உருவாக்க முடியும் என்பதற்கு வட சென்னையிலேயே ஒரு மரபு உண்டு. ஆங்கிலக் குத்துச்சண்டையைத் தனதாக்கிக்கொண்ட ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி வட்டாரத்தில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் பிரிந்து மோதின. பரம்பரை என்றாலும் இங்கே ரத்த உறவு கணக்கில்லை, யாரிடம் கற்றாய் என்பதே கணக்கு. மீனவர் வீட்டுப் பையனும் துறைமுகக் கூலி வீட்டுப் பையனும் ஒரே வாத்தியாரிடம் மூக்கு உடைபட்டு, ஒரே பரம்பரையின் மானத்துக்காக மேடை ஏறினார்கள். 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் இந்த மரபை ஊரறியச் செய்தது. இதிலும் வெறி உண்டு, ரகளை உண்டு. ஆனாலும் பிறந்த வீட்டின் பெயரைச் சொல்லாமல் நிமிர்ந்து நிற்க ஒரு இடத்தை அது உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது.

கடைசியாக ஒரு கேள்வி. மனிதரைக் கூட்டங்களிலிருந்தே விடுவித்துத் தனி மனிதராக நிற்க வைப்பதுதானே முன்னேற்றம், ஏன் சங்கத்தையும் பரம்பரையையும் புகழ வேண்டும்? கேட்பதற்கு அழகான கேள்வி. கூட்டம் எதுவும் இல்லாமல் நிற்கும் வசதி, பணமும் படிப்பும் பின்னால் இருப்பவருக்கு வேண்டுமானால் வாய்க்கலாம். சரக்கு ரயிலில் மூட்டை இறக்குபவருக்கு அது அனாதை நிலை. 1990-களில் பக்கிங்காம், கர்னாடிக் மில்கள் மூடப்பட்டன. வட சென்னையின் பழைய ஆலைகள் பலவும் ஒவ்வொன்றாக அடங்கின. கூலியோடு சேர்ந்து, சாதி கேட்காமல் ஒருவரை உறுப்பினராக்கிய அமைப்பும் போயிற்று. ஒப்பந்தக் கூலியாகவும் ஓட்டுநராகவும் வீட்டுக்கு வீடு பொட்டலம் கொண்டு கொடுப்பவராகவும் பிழைக்கும் இன்றைய இளைஞருக்குச் சக தொழிலாளியின் பெயர்கூடத் தெரிவதில்லை. சாதிச் சங்கமும் ரசிகர் மன்றமும் கட்சி வட்டமும்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நிற்பவையும் அவையே. அவற்றின் கொடியைப் பிடிக்கிறார் என்று அவரைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஆகவே கூட்டங்களைக் குறைப்பதில் விடுதலை இல்லை. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டங்கள் இருக்கும்போதுதான் எந்த ஒன்றும் அவரை முழுதாக விழுங்க முடியாது. கொருக்குப்பேட்டையை அடுத்த செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பியபோது, சாதி மதம் பாராமல் அந்த வட்டாரமே அவரை 'எங்க பொண்ணு' என்று கொண்டாடியது. தெருமுனை கேரம் பலகையிலிருந்தும் ஒரு 'நாம்' கிளம்பும் என்பதற்கு அதுவே சாட்சி. விளையாட்டு மன்றமும் படிப்பகமும் ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ளும் சங்கமும் தெருவுக்குத் தெரு இருக்கும்படி செய்வது மாநகராட்சிக்கும் கட்சிகளுக்கும் முடியாத காரியம் இல்லை. ஆனால் அவற்றை நடத்துபவர்கள் 1921-ஐ மறக்கக் கூடாது. எந்த அமைப்பானாலும், தன்னிடம் இருப்பவர்களிலேயே மிகவும் ஏழையான உறுப்பினரின் அடுப்பு எத்தனை நாள் எரியும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கேட்காத சங்கத்துக்கு 'நாம்' என்று சொல்லும் உரிமை கிடையாது.